போக்சோ வழக்குகளில் 'இவ்வளவுதானா தண்டனை?' – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நாளிதழின் உள்பக்கத்தில் நாலே வரியில் வரும்: 'சிறுமிக்குப் பாலியல் தொல்லை: முதியவருக்கு 5 ஆண்டு சிறை'. படித்தவுடன் யாருக்கும் கோபம்தான் வரும். ஒரு குழந்தையின் வாழ்க்கையைச் சிதைத்தவனுக்கு வெறும் ஐந்து ஆண்டா? பல வருடம் நீதிமன்றச் செய்திகள் எழுதியவன் என்பதால், தெரிந்தவர்கள் அந்தக் கோபத்தை என்னிடம் கொண்டுவந்து கொட்டுவார்கள். திரும்பத் திரும்ப வந்த கேள்விகளையும் நான் சொன்ன பதில்களையும் இங்கே எழுதியிருக்கிறேன். கோபத்தில் தப்பில்லை. ஆனால் பல நேரம் அது ஆள் மாறிப் போய்ச் சேர்கிறது என்பது என் எண்ணம். கடைசி நாளில் தீர்ப்பை வாசித்த நீதிபதி மட்டும் நம் கண்ணில் படுகிறார். வழக்கு அதற்கு முன்பே எங்கெங்கே இளைத்துப்போனது என்பது செய்தியில் வருவதில்லை.

சட்டத்தில் உண்மையில் என்ன தண்டனை இருக்கிறது?

குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து பாதுகாக்கும் சட்டம், அதாவது போக்சோ, 2012 நவம்பர் 14 அன்று நடைமுறைக்கு வந்தது. 18 வயது நிறையாத எல்லோரும் இதன்படி குழந்தைகள். ஆண், பெண் வித்தியாசம் கிடையாது. 2019 ஆகஸ்டில் சட்டத்தைத் திருத்தித் தண்டனைகளைக் கூட்டினார்கள்.

உடலுறவு சார்ந்த வன்முறைக்கு, அதாவது சட்டம் 'ஊடுருவும் பாலியல் தாக்குதல்' என்று சொல்லும் குற்றத்துக்கு, இன்று பிரிவு 4-இன்படி குறைந்தது 10 ஆண்டு. குழந்தை 16 வயதுக்குக் கீழே என்றால் குறைந்தது 20 ஆண்டு. அதே குற்றத்தைக் காவலர், அரசு ஊழியர், பள்ளி அல்லது மருத்துவமனையில் பணிபுரிபவர், உறவினர் போன்றவர்கள் செய்தாலோ, குழந்தை 12 வயதுக்குக் குறைவு என்றாலோ, அது கடுமையான வகை ஆகிவிடும். பிரிவு 6 வரும். குறைந்தது 20 ஆண்டு, அதிகபட்சம் தூக்கு.

ஊடுருவல் இல்லாமல் பாலியல் நோக்கத்தோடு தொட்டால் பிரிவு 8. 3 முதல் 5 ஆண்டு வரை. அதிலேயே கடுமையான வகைக்குப் பிரிவு 10. 5 முதல் 7 ஆண்டு. தொடாமல், பேச்சாலோ சைகையாலோ படம் காட்டியோ தொல்லை கொடுத்தால் பிரிவு 12. 3 ஆண்டு வரை.

அப்படியானால் அந்த 'ஐந்து ஆண்டு' எங்கிருந்து வந்தது?

பிரிவிலிருந்து வந்தது. மேலே உள்ள எண்களை இன்னொரு முறை பாருங்கள். பிரிவு 8-இல் குற்றம் நிரூபணமானால், நீதிபதி எவ்வளவு கொதித்துப்போனாலும் அந்தப் பிரிவில் ஐந்து ஆண்டுக்கு மேல் தர முடியாது. நாம் குறைவு என்று திட்டும் தண்டனை சில வழக்குகளில் சட்டம் அனுமதித்த உச்சமாகவே இருக்கும்.

அடுத்து, அந்தப் பிரிவை முடிவுசெய்தது யார் என்று கேட்க வேண்டும். முதல் தகவல் அறிக்கையிலேயே அது தொடங்கிவிடுகிறது. ஆறு வயதுக் குழந்தை தனக்கு நடந்ததைப் பெரியவர்களின் சொற்களில் சொல்லாது. 'அங்க வலிச்சுது', 'அந்த மாமா கெட்டவரு' என்று சொல்லும். எழுதுபவர் அவசரத்தில் அதைச் சுருக்கி 'தவறாக நடந்துகொண்டதாக' என்று முடித்துவிட்டால், அந்த ஒற்றைச் சொல்லுக்குள் இருபது ஆண்டுத் தண்டனைக்குரிய குற்றமும் மூன்று ஆண்டுத் தண்டனைக்குரிய குற்றமும் ஒன்றாகக் கலந்துபோகின்றன. மருத்துவப் பரிசோதனை தாமதமானால் நிலைமை இன்னும் மோசம். குழந்தை சொன்னதை அது சொன்ன சொல்லிலேயே பதிய வேண்டும் என்று சட்டத்தின் பிரிவு 26 சொல்வது இதனால்தான். பிரிவு 24 இன்னொன்றும் சொல்கிறது: வாக்குமூலம் வாங்கும் காவலர் சீருடையில் இருக்கக் கூடாது; முடிந்தவரை உதவி ஆய்வாளருக்குக் குறையாத பெண் அதிகாரியாக இருக்க வேண்டும்; குழந்தையின் வீட்டுக்கோ அது விரும்பும் இடத்துக்கோ போய்த்தான் வாங்க வேண்டும். இது சும்மா மரியாதைக்குச் சொன்னது இல்லை. பயந்த குழந்தை பாதியைத்தான் சொல்லும். பாதி வாக்குமூலத்தில் பாதித் தண்டனைதான் கிடைக்கும்.

ஒரே வழக்கில் ஒவ்வொருவருக்கும் வேறு தண்டனை வருவதும் இப்படித்தான். சென்னை அயனாவரத்தில் 2018-இல் வெளிவந்த வழக்கு பலருக்கு ஞாபகம் இருக்கும். அடுக்குமாடிக் குடியிருப்பில் வேலை செய்தவர்கள் உட்பட 17 பேர் மீது வழக்கு. 2020 பிப்ரவரியில் 15 பேர் குற்றவாளிகள் என்று தீர்ப்பு. தண்டனை 5 ஆண்டில் தொடங்கி ஆயுள் வரை போனது. 'எல்லோருக்கும் ஆயுள் கொடுத்திருக்கக் கூடாதா' என்று அன்று பலர் கேட்டார்கள். ஒவ்வொருவர் மீதும் நிரூபிக்கப்பட்ட செயலுக்குத்தான் தண்டனை. கூட்டாக எடை போட முடியாது.

வயசானவர், குடும்பஸ்தர் என்று நீதிபதி இரக்கப்பட்டுக் குறைக்க முடியாதா?

முன்பு முடிந்தது. இந்தியத் தண்டனைச் சட்டத்தின் பழைய 376-ஆவது பிரிவில், 'போதுமான, சிறப்பான காரணங்கள்' இருந்தால் குறைந்தபட்சத்துக்கும் கீழே போகலாம் என்று ஒரு சந்து இருந்தது. அந்தச் சந்து வழியாகப் போன தீர்ப்புகள் ஏராளம். கர்நாடகத்தில் ஏழெட்டு வயதுச் சிறுமியைச் சீரழித்தவனுக்கு விசாரணை நீதிமன்றம் கொடுத்த 10 ஆண்டை உயர் நீதிமன்றம் 4 ஆண்டாகக் குறைத்தது. படிப்பில்லாதவன், குடித்திருந்தான், வயதான தாயும் மனைவி பிள்ளைகளும் அவனை நம்பியிருக்கிறார்கள் என்பவையே காரணங்கள். 2000-ஆம் ஆண்டில் உச்ச நீதிமன்றம் அதை ஏற்காமல் 10 ஆண்டையே மீட்டது. அந்தச் சந்தை 2013 சட்டத் திருத்தம் அடைத்துவிட்டது.

போக்சோவில் அப்படி ஒரு சந்து வைக்கப்படவேயில்லை. ஆனாலும் சறுக்கல் நடந்தது. உத்தரப் பிரதேசத்தில் ஒரு சிறுவனுக்கு இழைக்கப்பட்ட கொடுமைக்கு விசாரணை நீதிமன்றம் 10 ஆண்டு கொடுத்தது. பையன் 12 வயதுக்குக் கீழே, ஆகவே கடுமையான வகை. 2021-இல் அலகாபாத் உயர் நீதிமன்றம் அதைச் சாதாரண வகையாக எடுத்துக்கொண்டு 7 ஆண்டாக்கியது. 2023 ஜூலையில் உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்து, 'குறையாமல்' என்று சட்டம் எழுதியிருந்தால் அதற்குக் கீழே போக நீதிமன்றத்துக்கு அதிகாரம் இல்லை என்று தெளிவாக்கியது. எனவே இன்று ஒரு விசாரணை நீதிபதி குறைந்தபட்சத்துக்குக் கீழே தண்டனை கொடுத்தால், அது இரக்கம் ஆகாது, சட்டப் பிழை. மேல்முறையீட்டில் நிற்காது.

அந்த 'தோலோடு தோல்' தீர்ப்பு என்ன ஆனது?

இதைக் கேட்காத கூட்டமே இல்லை. 2021 ஜனவரியில் பம்பாய் உயர் நீதிமன்றத்தின் நாக்பூர் அமர்வு கொடுத்த தீர்ப்பு அது. 12 வயதுச் சிறுமியை உடைக்கு மேலே தொட்டதால், நேரடியாகத் தோல் படாத நிலையில் அது போக்சோவின் 'பாலியல் தாக்குதல்' ஆகாது என்றது. போக்சோவில் வந்த 3 ஆண்டு போய், தண்டனைச் சட்டத்தின் 354-ஆவது பிரிவில் 1 ஆண்டு மட்டும் நின்றது. நாடே கொந்தளித்தது. மத்திய அரசின் அன்றைய தலைமைச் சட்ட அதிகாரி, அட்டர்னி ஜெனரல் கே.கே. வேணுகோபால் தானே உச்ச நீதிமன்றத்துக்குப் போனார். சில நாளிலேயே தடை வந்தது. நவம்பர் 18 அன்று தீர்ப்பே ரத்தானது. பாலியல் நோக்கம்தான் முக்கியம், தோல் பட்டதா துணி பட்டதா என்பது முக்கியமில்லை என்றது உச்ச நீதிமன்றம். கையுறை போட்டுக்கொண்டு செய்தால் குற்றமில்லையா என்று வேணுகோபால் வைத்த வாதம் எல்லோர் மனதிலும் நின்றுவிட்டது.

2025 மார்ச்சில் அலகாபாத் உயர் நீதிமன்றத்தின் ஓர் உத்தரவும் இதேபோல் பற்றிக்கொண்டது. சிறுமியைப் பிடித்து இழுத்து, உடையின் நாடாவை அறுத்த செயல் வல்லுறவு முயற்சி ஆகாது என்று அது சொன்னது. உச்ச நீதிமன்றம் தானாகவே முன்வந்து சில நாட்களுக்குள் அதற்குத் தடை போட்டது. கவனியுங்கள், இது தண்டனை பற்றிய தீர்ப்பே இல்லை. எந்தப் பிரிவில் விசாரிப்பது என்ற கட்டத்தில் வந்த உத்தரவு. தண்டனை உண்மையில் குறையும் இடம் அதுதான் என்று நான் ஏன் சொல்கிறேன் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் வேண்டாம்.

சட்டத்தைக் கடுமையாக்கியது 2019-இல். போன வருடம் வந்த தீர்ப்பில் ஏன் பழைய தண்டனை?

தீர்ப்புத் தேதியை விட்டுவிட்டுச் சம்பவத் தேதியைப் பாருங்கள். குற்றம் நடந்த நாளில் என்ன சட்டம் இருந்ததோ அந்தத் தண்டனைதான். அரசியலமைப்பின் 20-ஆவது பிரிவு அப்படிச் சொல்கிறது. 2019 ஆகஸ்ட் 16-க்கு முன் நடந்தது என்றால் பிரிவு 4-இல் குறைந்தபட்சம் 7 ஆண்டு, பிரிவு 6-இல் 10 ஆண்டு. சத்தீஸ்கரில் 2019 மே மாதம், திருத்தம் வருவதற்கு மூன்று மாதம் முன்பு, நடந்த ஒரு குற்றத்தில் 'சாகும்வரை சிறை' என்று விதிக்கப்பட்டதை 2025-இல் உச்ச நீதிமன்றம் பழைய சட்டப்படியான ஆயுள் தண்டனையாக மாற்றியது இந்தக் காரணத்தால்தான். குற்றவாளி என்ற தீர்ப்பில் கை வைக்கவில்லை.

'ஏககாலத்தில் அனுபவிக்க வேண்டும்' என்றால்?

மூன்று பிரிவில் 20, 5, 3 என்று வந்தால் மொத்தம் 28 கிடையாது. எல்லாம் ஒன்றாக ஓடும், இருபதோடு முடியும். தலைப்பில் மட்டும் கூட்டல் கணக்குப் போடும் பத்திரிகைகளும் உண்டு, கொஞ்சம் ஜாக்கிரதை. விசாரணைக் காலத்தில் உள்ளே இருந்த நாட்களும் தண்டனையிலிருந்து கழியும்.

ஆயுள் என்றால் 14 வருடத்தில் வெளியே வந்துவிடுவார்களாமே?

ஆயுள் தண்டனை என்றால் சட்டப்படி ஆயுள் முழுக்கத்தான். தூக்கும் விதிக்கத்தக்க குற்றத்தில் ஆயுள் பெற்றவரை 14 ஆண்டு முடியும் முன் அரசு விடுவிக்கக் கூடாது என்றுதான் விதி. 14 ஆனதும் கதவைத் திறந்துவிட வேண்டும் என்று எங்கேயும் இல்லை. விதி சொன்னது கீழ் எல்லை. ஊர் அதையே மேல் எல்லையாக்கிவிட்டது.

2019 திருத்தம் இதில் இன்னும் ஒரு படி போனது. பிரிவு 4-இல் 16 வயதுக்குக் கீழான குழந்தைகளின் வழக்குகளிலும், பிரிவு 6-இலும், ஆயுள் என்றால் 'இயற்கையான வாழ்நாளின் மிச்சம் முழுவதும்' என்றே எழுதிவிட்டார்கள். இருந்தாலும் தண்டனைக் குறைப்பு என்ற அரசின் அதிகாரம் நாட்டில் எப்படிப் பயன்படுகிறது என்ற கவலை நியாயமானது. குஜராத் கலவரத்தில் கூட்டு வல்லுறவுக்கு ஆளான பில்கிஸ் பானுவின் வழக்கில் ஆயுள் தண்டனை பெற்ற 11 பேரை 2022 ஆகஸ்ட் 15 அன்று குஜராத் அரசு விடுவித்ததும், 2024 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் அவர்களைத் திரும்ப உள்ளே அனுப்பியதும் நாம் பார்த்ததுதானே.

தீர்ப்பு வந்த பிறகும் ஆள் ஊருக்குள் நடமாடுகிறாரே?

மேல்முறையீடு நிலுவையில் இருக்கும்போது உயர் நீதிமன்றம் தண்டனையை நிறுத்திவைத்து ஜாமீன் தந்திருக்கலாம். அது விடுதலை ஆகாது. ஆனால் அந்த மனு விசாரணைக்கு வரும்போது பாதிக்கப்பட்ட தரப்புக்குத் தகவல் தர வேண்டும், அவர்கள் சொல்வதைக் கேட்க வேண்டும். தகவல் வரவில்லை என்றால் அதையே ஆட்சேபமாக வைக்கலாம். மிரட்டல் இருந்தால் ஜாமீனை ரத்து செய்யக் கேட்கலாம்.

கடைசியில் விடுதலை என்று வருகிறதே, குழந்தை பொய் சொன்னது என்று அர்த்தமா?

இல்லை. இந்தக் கேள்விக்கு மட்டும் கொஞ்சம் நீளமாகப் பதில் சொல்ல அனுமதியுங்கள்.

போக்சோ வழக்குகளில் மிகப் பெரும்பாலானவற்றில் குற்றம் சாட்டப்பட்டவர் குழந்தைக்குத் தெரிந்தவர். மாமா, பக்கத்து வீட்டுக்காரர், ட்யூஷன் வாத்தியார், சில வீடுகளில் அப்பா. புகார் கொடுத்த அன்று குடும்பம் கொதித்துப்போய் இருக்கும். ஆறு மாதம் போனால் சமாதானம் பேச ஊர்ப் பெரியவர்கள் வருவார்கள். 'பொண்ணு வாழ்க்கையைப் பாரு' என்பார்கள். சம்பாதிப்பவனே உள்ளே போய்விட்டால் அடுப்பு எரிவது எப்படி என்பதை நினைத்துப் பார்க்கவும் ஒரு தாய் தள்ளப்படுகிறாள். இரண்டு வருடம் கழித்துச் சாட்சிக் கூண்டில் ஏறும்போது அவளும் குழந்தையும் 'அப்படி எதுவும் நடக்கவில்லை' என்கிறார்கள். அரசுத் தரப்பு அவர்களைப் பிறழ் சாட்சி என்று அறிவிக்கிறது. வழக்கு அங்கேயே முடிந்தது. மறுநாள் செய்தியில் 'போக்சோ வழக்கில் விடுதலை' என்று வரும்; திட்டு நீதிபதிக்கு.

சட்டம் இதைத் தெரிந்தேதான் எழுதப்பட்டது. நீதிமன்றம் வழக்கை எடுத்துக்கொண்ட 30 நாளுக்குள் குழந்தையின் சாட்சியத்தைப் பதிய வேண்டும், முடிந்தவரை ஓராண்டுக்குள் விசாரணையை முடிக்க வேண்டும் என்கிறது பிரிவு 35. குழந்தையைத் திரும்பத் திரும்ப வரவழைக்கக் கூடாது, எதிர்த்தரப்பு வழக்கறிஞர் மிரட்டும் தொனியில் கேட்கக் கூடாது என்று பிரிவு 33 சொல்கிறது. சாட்சி சொல்லும்போது குற்றம் சாட்டப்பட்டவரைக் குழந்தை பார்க்காதபடி செய்ய வேண்டும் என்பது பிரிவு 36. 2019 ஜூலையில் உச்ச நீதிமன்றம், 100-க்கு மேல் போக்சோ வழக்குகள் உள்ள ஒவ்வொரு மாவட்டத்திலும் இதற்கென்றே தனி நீதிமன்றம் வேண்டும் என்று உத்தரவிட்டது. 2020 விதிகளின்படி குழந்தைகள் நலக் குழு, விசாரணை முடியும்வரை கூடவே வர ஓர் உதவி நபரை அமர்த்தித் தரலாம். காகிதத்தில் எல்லாம் இருக்கிறது. நடைமுறையில், முப்பது நாளுக்குள் சாட்சியம் பதிவான வழக்கை என் அனுபவத்தில் அபூர்வமாகத்தான் பார்த்திருக்கிறேன். ஒருமுறை மகிளா நீதிமன்ற வராந்தாவில் ஒரு பாட்டி, பேத்தியின் பள்ளிப் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அன்றும் வாய்தா. ஏழாவது தடவை என்றார். 'நாங்க தப்பு செஞ்ச மாதிரி நாங்கதான் அலையுறோம்' என்று சொல்லிவிட்டுப் பஸ்ஸுக்குக் கிளம்பினார்.

குழந்தை உறுதியாக நின்று, அதன் சாட்சியம் நம்பும்படி இருந்தால், அது ஒன்றே போதும். பாலியல் குற்றத்தில் பாதிக்கப்பட்டவரின் சாட்சியத்துக்கு வேறு துணைச் சாட்சி கட்டாயமில்லை என்று உச்ச நீதிமன்றம் 1996-லேயே சொல்லிவிட்டது. அதனால்தான் எதிர்த்தரப்பின் முழுக் கவனமும் அந்த ஒரு சாட்சியைக் கலைப்பதில் இருக்கிறது.

இரு குடும்பமும் சமாதானமாகிவிட்டால் வழக்கு போய்விடுமா?

போகாது, போகக் கூடாது. ராஜஸ்தானில் ஓர் ஆசிரியர் மீதான வழக்கை, சிறுமியின் தந்தை சமரசம் செய்துகொண்டார் என்பதற்காக உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றம் வழக்குக்குத் திரும்ப உயிர் கொடுத்தது. இது இரண்டு பேருக்கிடையிலான வரப்புத் தகராறு அல்லவே, அப்பா கையெழுத்துப் போட்டு முடிக்க.

காதல் வழக்குகளில் விட்டுவிடுகிறார்களே, அது சலுகை இல்லையா?

இது வேறு விஷயம். இரண்டையும் போட்டுக் குழப்புவதால்தான் பாதி விவாதம் கெடுகிறது. 17 வயதுப் பெண்ணும் 19 வயதுப் பையனும் ஓடிப்போனால் பெண்ணின் பெற்றோர் கொடுக்கும் புகாரும் போக்சோவில்தான் வரும். அதிலும் சாதி வேறாக இருந்துவிட்டால் சொல்லவே வேண்டாம். வளரிளம் பருவக் காதலைத் தண்டிப்பது இந்தச் சட்டத்தின் நோக்கம் அல்ல என்று 2021-இல் சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷ் ஒரு வழக்கை ரத்து செய்து எழுதினார். இத்தகைய வழக்குகளில் அவசரப்பட்டுக் கைது செய்ய வேண்டாம் என்று 2022 டிசம்பரில் தமிழக டிஜிபி சுற்றறிக்கை அனுப்பினார். 2023-இல் சட்ட ஆணையம் 18 வயது என்ற எல்லையைக் குறைக்கக் கூடாது என்றது. ஆனால் 16 முதல் 18 வரை உள்ளவர்களின் சம்மதம் தெரியும் வழக்குகளில், தண்டனையில் நீதிபதிக்கு வழிகாட்டுதலோடு கூடிய விருப்புரிமை தரலாம் என்று பரிந்துரைத்தது.

கல்கத்தா வழக்கு இதைவிடச் சிக்கல். பெண்ணுக்கு 14 வயது, ஆணுக்கு 25. வளரிளம் பெண்கள் தங்கள் ஆசையைக் கட்டுப்படுத்திக்கொள்ள வேண்டும் என்று உபதேசித்து 2023-இல் உயர் நீதிமன்றம் அவரை விடுவித்தது. உச்ச நீதிமன்றம் 2024 ஆகஸ்டில் அந்த உபதேசத்தைக் கண்டித்துக் குற்றவாளி என்பதை உறுதி செய்தது. ஆனால் 2025 மே மாதம், தனக்குள்ள சிறப்பு அதிகாரத்தைப் பயன்படுத்தி, தண்டனை எதுவும் விதிக்காமல் விட்டது. அந்தப் பெண் இப்போது அவரோடு குழந்தையும் குடும்பமுமாக வாழ்கிறார். அந்த ஆணைக் காப்பாற்ற நீதிமன்றம் நீதிமன்றமாக அலைந்ததுதான் அந்தப் பெண்ணுக்கு நேர்ந்த பெரிய துன்பம் என்று உச்ச நீதிமன்ற உத்தரவின்படி அமைந்த நிபுணர் குழு சொன்னது. இதை மென்மை என்று திட்டுவதா, மனிதத்தனம் என்பதா? 14-க்கும் 25-க்கும் இடையே உள்ள இடைவெளி எனக்கு இன்னும் உறுத்துகிறது. ஆனால் இதை முன்மாதிரியாகக் கொள்ளக் கூடாது என்று நீதிமன்றமே சொல்லிவிட்டது.

எல்லோருக்கும் தூக்கு என்று சட்டம் போட்டால் பிரச்சினை தீருமே?

சென்னை அருகே 2017-இல் ஏழு வயதுச் சிறுமி கொல்லப்பட்ட வழக்கைச் சொல்கிறேன். 2018 பிப்ரவரியில் விசாரணை நீதிமன்றம் தூக்கு விதித்தது. அதே ஆண்டு உயர் நீதிமன்றமும் உறுதி செய்தது. வேகமான நீதி என்று எல்லோரும் பாராட்டினோம், நானும்தான். 2025 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் அந்த நபரை விடுதலை செய்துவிட்டது. சூழ்நிலைச் சான்றுகளின் சங்கிலி முழுமையாக நிரூபிக்கப்படவில்லை, குற்றம் சாட்டப்பட்டவருக்குத் தற்காப்புக்கு உரிய வாய்ப்பும் தரப்படவில்லை என்பவை காரணங்கள். உச்சபட்சத் தண்டனை கொடுத்தும் அந்தக் குழந்தையின் பெற்றோர் எட்டு ஆண்டு கழித்து வெறுங்கையோடு நிற்கிறார்கள். தண்டனையின் அளவு சரிதான்; புலனாய்வும் விசாரணையும் அதைத் தாங்கவில்லை.

இன்னொரு பயமும் களத்தில் இருப்பவர்களுக்கு உண்டு. குற்றவாளி சொந்தச் சித்தப்பா என்றால், 'அவரைத் தூக்கில் போட்டுவிடுவார்கள்' என்ற நினைப்பே குழந்தையின் வாயை அடைத்துவிடும். கொலைக்கும் இதற்கும் ஒரே தண்டனை என்றானால், சாட்சியை உயிரோடு விடுவதற்குக் குற்றவாளிக்கு என்ன காரணம் மிச்சம்? குறைந்தபட்சம் 20 ஆண்டு என்று ஏறியதிலேயே, கொஞ்சம் சந்தேகம் இருந்தாலும் நீதிபதி முழு விடுதலை பக்கம் சாய்கிறார் என்று வழக்கறிஞர்கள் சொல்வதுண்டு.

தண்டனை நிஜமாகவே குறைவு என்றால் யார் மேல்முறையீடு செய்யலாம்?

பலருக்குத் தெரியாத இடம் இது. விடுதலையை எதிர்த்து, அல்லது சின்னப் பிரிவில் மட்டும் தண்டித்ததை எதிர்த்து, அல்லது இழப்பீடு போதாது என்று பாதிக்கப்பட்டவர் தாமே மேல்முறையீடு செய்யலாம். இன்றைய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் பிரிவு 413 அந்த உரிமையைத் தருகிறது. பழைய நடைமுறைச் சட்டத்தில் 372. ஆனால் பிரிவு சரி, ஆண்டுகள்தான் குறைவு என்றால் பாதிக்கப்பட்டவர் மேல்முறையீடு செய்ய முடியாது. 2020-இல் உச்ச நீதிமன்றம் இதை உறுதி செய்தது. அந்த உரிமை அரசுக்கு மட்டும்தான், பிரிவு 418-இன்படி. குடும்பம் செய்யக்கூடியது இரண்டு: அரசு மேல்முறையீடு செய்ய வேண்டும் என்று அரசு வழக்கறிஞருக்கும் உள்துறைக்கும் உடனே மனு கொடுப்பது, உயர் நீதிமன்றத்தில் சீராய்வு மனு போடுவது. இரண்டுக்கும் காலக்கெடு உண்டு. தீர்ப்பு நகலை அன்றே கேட்டு விண்ணப்பித்துவிடுங்கள்.

குற்றவாளி மட்டும் மேல்முறையீடு செய்திருந்தால், அதை வைத்தே உயர் நீதிமன்றம் தண்டனையைக் கூட்டிவிடாதா என்றும் கேட்பார்கள். கூட்டக் கூடாது என்று 2025-இல், அதுவும் தமிழ்நாட்டு வழக்கு ஒன்றிலேயே, உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஆக, அரசு சும்மா இருந்தால் எண் அப்படியே நிற்கும்.

இங்கிலாந்தில் வேறு மாதிரி. தண்டனை மிகக் குறைவு என்று தோன்றினால் பொதுமக்களில் யார் வேண்டுமானாலும் 28 நாளுக்குள் அட்டர்னி ஜெனரலுக்கு எழுதலாம். அவருக்குச் சரியென்று பட்டால் மேல் நீதிமன்றத்துக்கு அனுப்புவார். பாலியல் குற்றங்கள் உட்படக் கடுமையான குற்றங்களுக்கு இந்த வழி உண்டு. எந்தக் குற்றத்துக்கு எதை வைத்து எவ்வளவு என்று நீதிபதிகளுக்கு எழுத்தில் வழிகாட்டுதலும் அங்கே இருக்கிறது. நம் ஊரில் குற்றவியல் நீதிமுறைச் சீர்திருத்தத்தை ஆராய்ந்த மலிமத் குழு 2003-லேயே இப்படி வழிகாட்டுதல் வேண்டும் என்றது; இன்றுவரை வரவில்லை. தெருவில் இறங்குபவர்கள் தூக்கு என்ற பதாகைக்குப் பதிலாக இதைக் கேட்டால் நன்றாக இருக்கும் என்று எனக்கு ஓர் ஆசை.

தீர்ப்பைப் பொதுவெளியில் விமர்சித்தால் நீதிமன்ற அவமதிப்பு ஆகுமா?

முடிந்துபோன வழக்கின் தீர்ப்பை நியாயமாக விமர்சிப்பது அவமதிப்பு ஆகாது. 1971 நீதிமன்ற அவமதிப்புச் சட்டத்தின் பிரிவு 5 அதைத்தான் சொல்கிறது. நீதிபதி காசு வாங்கினார் என்று ஆதாரமில்லாமல் எழுதினால் கதை வேறு.

விமர்சனத்துக்குப் பலன் இருந்திருக்கிறது. மகாராஷ்டிரத்தில் 1972-இல் காவல் நிலையத்துக்குள்ளேயே ஒரு பழங்குடிச் சிறுமிக்குக் கொடுமை நடந்தது. இரு காவலர்களையும் உச்ச நீதிமன்றம் விடுவித்தது. அந்தச் சிறுமியின் பெயரால் 'மதுரா வழக்கு' என்பார்கள். 1979-இல் உபேந்திர பக்ஷி உள்ளிட்ட நான்கு சட்டப் பேராசிரியர்கள் தலைமை நீதிபதிக்கு ஒரு திறந்த மடல் எழுதினார்கள். அதிலிருந்து கிளம்பிய போராட்டம்தான் 1983 சட்டத் திருத்தத்தில் போய் முடிந்தது. வல்லுறவுக்குக் குறைந்தபட்சத் தண்டனை என்ற ஒன்று வந்ததே அப்போதுதான். அந்த மடலில் வசை இல்லை. தீர்ப்பை எடுத்துவைத்துக்கொண்டு வரி வரியாகக் கேட்ட கேள்விகள் இருந்தன.

எழுதும்போது ஒன்றை மறக்காதீர்கள். குழந்தையின் பெயர், படம், பள்ளி, வீடு, பெற்றோர் பெயர் எதையும் வெளியிடக் கூடாது. போக்சோவின் பிரிவு 23-இன்படி அதற்கே ஓராண்டு வரை சிறை உண்டு. 'இந்தப் பிஞ்சுக்கு நீதி வேண்டும்' என்று படத்தோடு பகிர்பவர்களுக்கும் இது பொருந்தும்.

இழப்பீடு எப்போது கிடைக்கும்? தீர்ப்பு வரும்வரை காத்திருக்க வேண்டுமா?

வேண்டாம். முதல் தகவல் அறிக்கை பதிவான பிறகு எந்தக் கட்டத்திலும் சிறப்பு நீதிமன்றத்தில் இடைக்கால இழப்பீடு கேட்கலாம். கேட்காவிட்டாலும் நீதிமன்றம் தானாகவே உத்தரவிடலாம். குற்றம் சாட்டப்பட்டவர் விடுதலையானாலும், ஆள் யார் என்றே தெரியாமல் போனாலும், குழந்தைக்குப் பாதிப்பு நடந்தது என்று நீதிமன்றம் கருதினால் இழப்பீடு உண்டு. பணம் அரசின் நிதியிலிருந்து வருகிறது. மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் விசாரிக்கலாம், அங்கே வழக்கறிஞரும் இலவசம். வாங்கினால் 'காசுக்காகப் புகார் கொடுத்தார்கள்' என்று பேசுவார்களே என்று தயங்கும் குடும்பங்களைப் பார்த்திருக்கிறேன். பேசட்டும். மனநல ஆலோசனைக்கும் படிப்பு தொடரவும், தேவைப்பட்டால் வீடு மாறவும்தான் அந்தப் பணம்.

நடப்பது தெரிந்தும் சொல்லாமல் இருந்தால்?

அதுவும் குற்றம். போக்சோவின் பிரிவு 19-இன்படி தெரிந்த யாரும் காவல்துறைக்குச் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் ஆறு மாதம் வரை சிறை, பள்ளி போன்ற நிறுவனத்தின் பொறுப்பாளர் மறைத்தால் ஓராண்டு வரை. குழந்தைகளுக்கு இந்தத் தண்டனை கிடையாது. காவல் நிலையத்துக்குப் போகத் தயக்கமாக இருந்தால் 1098-ஐ அழையுங்கள். இரவு பகல் எந்நேரமும் எடுப்பார்கள். குழந்தையே கூட அழைக்கலாம்.